யானையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்

உலகின் எந்த மூலையில் இருந்து இதனைப் படித்தாலும், உங்களில் பலருடைய வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் கண்டியில் வாங்கிய மரயானை ஒன்று நின்றுகொண்டிருக்கும் என்பது என் ஊகம். விடுமுறைக்கு வந்தபோது தலதா மாளிகைக்கு அண்மையில் வாங்கியிருப்பீர்கள். அல்லது ஊரிலிருந்து வந்தவர் எவரேனும் கொண்டுவந்து தந்திருப்பார். தயவுசெய்து ஒரு நிமிடம் எழுந்து சென்று அந்த யானையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பாகத்தில் என்ன தெரிகிறது? விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசையின் கறை தெரியும். இலங்கையில் செய்யப்பட்டது என்ற ஒட்டுத்தாள் இருக்கலாம். கடையின் பெயர்கூட இருக்கலாம். செய்தவனின் பெயர் இருக்காது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். பெயரில்லாத கடிதம், பெயரில்லாத துண்டுப்பிரசுரம், பெயரில்லாத அறிக்கை ஆகியவற்றை ஐயத்தோடு நோக்கப் பழகியவன். ஆயினும் பெயரில்லாத யானையை ஒருநாளும் நான் ஐயத்தோடு நோக்கியதில்லை. கண்டியிலேயே வாழ்ந்துகொண்டு அப்படி இருந்துவிட்டேன் என்பதுதான் வெட்கம். கடந்த ஆண்டு, பெருவிரல் அளவேயான ஒரு சிம்மாசனம் என் கண்ணைத் திறந்தது. அதன் கதையையும் அது என்னுள் எழுப்பிய கோபத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மருமகனின் பெட்டி

டொரண்டோவில் வளர்ந்த என் தங்கையின் மகன் விடுமுறைக்குக் கண்டி வந்திருந்தான். முப்பது வயது கடந்தவன். கணினித் துறையில் நல்ல உத்தியோகம். ஒரு மாலைப்பொழுதில் தன் பயணப்பையிலிருந்து தட்டையான ஒரு பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் திறந்தான். உள்ளே மேசை, வாங்கு, கட்டில், புத்தக அலுமாரி, பீப்பாய், புதையற்பெட்டி, சிம்மாசனம் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் பிசின் வார்ப்புகள். எல்லாம் விரல் நுனியில் அடங்கும் அளவு.

“என்ன தம்பி, இந்த வயதிலும் சிரட்டையில் சோறாக்கி விளையாடுகிறாயா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா, இது பெரியவர்களின் விளையாட்டு” என்றான் அவன், சற்றே மனத்தாங்கலுடன்.

அவன் விளக்கியதையும் அதன் பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றையோர் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். கதைசொல்லி ஒரு நிலவறையையோ பாழடைந்த கோட்டையையோ விவரிக்க, மற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்கிறார்கள். வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கிறது. இருபது முகங்கொண்ட பகடை. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ என்பதே இவ்வகையின் முதல் விளையாட்டு. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர்விளையாட்டுகளிலிருந்து அது பிறந்தது. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் அத்தகைய போர்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 1913இலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

கதையைக் கண்ணால் காண்பதற்கு மேசைமேல் பொம்மைகள் வேண்டும். ஒரு மனித உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரம். அந்த மனிதனுக்கு ஏற்ற கதவு, கதிரை, கட்டில், மதில், மரம், பாலம் யாவும் அதே அளவுக்குச் செய்யப்பட வேண்டும். எட்டு ஒன்பது மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு கதிரையின் இருக்கை அமைய வேண்டும் என்றால் வேலையின் நுட்பத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனக்குச் சிறுவயது நவராத்திரிகள் நினைவுக்கு வந்தன. கொலுப்படிகளுக்கு முன்னால் முகம்பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளமாக்கி, மண்குவித்து மலையாக்கி, கடுகு தூவி முளைக்கவைத்து வயலாக்கி, அதில் வாத்தும் மாடும் நிறுத்துவோம். அதே கைவேலை, அதே கற்பனை. நாம் பத்து நாளில் கலைத்துவிட்டோம். அவர்கள் அதனை ஒரு தொழிற்றுறை ஆக்கிவிட்டார்கள்.

தொழிற்றுறை என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். ‘வார்ஹாமர்’ என்ற பொம்மைப் போரை விற்கும் நொட்டிங்ஹாம் நகரத்து கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் 1975இல் மூன்று நண்பர்கள் தொடங்கியது. 2024 டிசம்பரில் அது இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலுக்குள் நுழைந்தது. அதன் ஆண்டு வருமானம் ஐம்பது கோடிப் பவுணைத் தாண்டிவிட்டது. விளையாட்டுக்கான நிலவறைச் சுவர்களையும் தளங்களையும் செய்யும் ட்வார்வன் ஃபோர்ஜ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளம் வழியாக முன்பதிவு கேட்டபோது 19 இலட்சம் டொலர் சேர்ந்தது. பொம்மைக்குக் கூட அல்ல. பொம்மை நிற்கும் சுவருக்கும் தரைக்கும்!

மருமகனின் பெட்டியை நான் பழக்கதோஷத்தால் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பத்திரிகைக்காரன் எந்தப் பிரசுரத்திலும் கடைசிப் பக்கத்து அச்சக விபரத்தைத்தான் முதலில் தேடுவான். பெட்டியின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அதனை வடிவமைத்த சிற்பியின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கண்டபோதுதான், எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த மரயானையை முதன்முறையாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.

முதிரையில் ஒரு சிம்மாசனம்

கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்குப் போகும் பாதையில் திரும்பி, உடுநுவரைக் கிராமங்களுக்குள் நுழைந்தால் மூன்று பழைய ஆலயங்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கின்றன. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே. எம்பெக்கே தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது, நம் முருகனேதான். கம்பளை இராசதானிக் காலமான பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் மேளக்காரர் மண்டபத்து மரத்தூண்களில் மல்லர்கள், நடனமாதர், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், குதிரைவீரன், இருதலைப் பறவை, யானையும் சிங்கமும் கலந்த விலங்கு, கொடியிலிருந்து பெண்ணாக மலரும் உருவம் என ஐந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இருக்கின்றன. எந்த மாயக்கதை மேசைக்கும் போதிய உலகம் அந்த ஒரு மண்டபத்தில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பகுதியில் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு மரச்செதுக்குக் கலைஞர் இருக்கிறார். அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. பெயரைப் பற்றிய கட்டுரையில் பெயரை மறைப்பது முரண்தான். அவர் இன்னும் கடைகளை நம்பித்தான் அடுப்பெரிக்கிறார். நான் எழுதுவதால் அவருடைய பிழைப்புக்கு இடைஞ்சல் நேரக்கூடாது. ஊரவர் அழைப்பதுபோல் நானும் அவரை ‘பாஸ்’ என்றே அழைப்பேன். மருமகனையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு அவரிடம் சென்றேன்.

பிசின் சிம்மாசனத்தை அவர் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “மாத்தையா, இது அரசன் இருக்கும் ஆசனம் அல்ல. கால்களைப் பாருங்கள். இதில் இருப்பவன் விழுந்துவிடுவான்.”

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். சென்று பார்த்தோம். முதிரை மரத்தில் செய்த சிம்மாசனம். பருத்த மெழுகுதிரி ஒன்றின் துண்டளவு இருந்தது. சாய்மானத்தின் உச்சியில் மகர முகம். இரு பக்கமும் கொடிவேலை. கைப்பிடிகள் இரண்டும் சிங்கங்கள். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தபோது சிங்கத்தின் பிடரிமயிர் தனித்தனியாகத் தெரிந்தது. இருக்கையின் அடிப்புறத்தில் ஓர் இலையும் அதனருகே ஒரு சிங்கள எழுத்தும் செதுக்கியிருந்தார். அந்த இலை தன் பாட்டனார் வைத்துக்கொண்ட அடையாளம் என்றும், கடைக்குக் கொடுக்கும் பொருள்களில் தான் அதனைச் செதுக்குவதில்லை என்றும் கூறினார். இது கடைக்குச் செய்தது அல்ல என்பதால் செதுக்கினாராம்.

மருமகன் பேச்சிழந்து நின்றான். நான்தான் வாய்துடுக்காக, இதற்குக் கண்டிக் கடையொன்றில் என்ன விலை தருவார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று சொன்னேன். மூவருமாகச் சென்றோம். நகரத்தில் உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகளில் ஒன்று. உரிமையாளர் சிம்மாசனத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஆயிரத்து ஐந்நூறு ரூபா தரலாம் என்றார். மூன்று நாள் வேலை! மருமகன் டொரண்டோவில் அந்தப் பிசின் சிம்மாசனத்துக்கு மட்டும் இருபது கனேடிய டொலர், அதாவது நாலாயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்திருந்தான். விலைகூட என்னைச் சுடவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதுதான் சுட்டது.

“அடியில் இருக்கும் கீறலை மட்டும் தேய்த்து அழித்துவிடுங்கள், பாஸ். வாங்குபவர்கள் பழுது என்று நினைப்பார்கள்.”

பாஸ் ஒன்றும் பேசவில்லை. சிம்மாசனத்தைத் தம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வரும் வழியில், தம் மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், உளியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான் என்றும் மட்டும் சொன்னார்.

கைவினைஞனின் பெயரைப் பழுது என்று காணும் ஒரு வணிகம், கைவினைஞனின் மகனை எப்படித் தொழிலில் வைத்திருக்கும்? கேட்கிறேன்.

பெயர் எங்கே போகிறது?

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு சிறு சம்பவம் உண்டு. கேரி கைகாக்ஸ் தம் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஹொங்கொங்கில் செய்யப்பட்ட மலிவான பிளாஸ்டிக் விலங்குகள் கொண்ட பையொன்றைக் கடையில் வாங்கினார். ‘வரலாற்றுக்கு முற்பட்ட விலங்குகள்’ என்று பையில் எழுதியிருந்தாலும் எந்தக் காலத்து எந்த விலங்கையும் போன்றவையல்ல அவை. அந்த விநோத உருவங்களுக்குத்தான் அவர் பெயர் வைத்தார். ஆந்தைக்கரடி, துருப்பூதம் முதலிய புகழ்பெற்ற அரக்க விலங்குகள் அவ்வாறு பிறந்தவை. அரை நூற்றாண்டாக அவை நூல்களிலும் திரைப்படத்திலும் உலவுகின்றன. அந்த உருவத்தை முதன்முதலில் வனைந்த ஹொங்கொங் தொழிலாளி யார்? ஒருவருக்கும் தெரியாது. உருவம் ஆசியாவின் கையிலிருந்து போயிற்று. பெயரும் உரிமையும் வேறிடத்தில் தங்கிவிட்டன.

மறுபக்கத்தையும் பாருங்கள். அதே விளையாட்டின் முதற்பதிப்பில் ‘ஹொபிட்’ என்ற குள்ளர் இனம் இருந்தது. அது டோல்கீன் என்ற எழுத்தாளர் படைத்த பெயர். அவருடைய கதைகளின் வணிக உரிமையை வைத்திருந்தவர்கள் 1970களின் பிற்பகுதியில் சட்டத்தைக் காட்டி ஆட்சேபித்தார்கள். அந்தப் பெயர் நீக்கப்பட்டு வேறு பெயர் இடப்பட்டது. ஒரே ஒரு சொல்லுக்காக! நம்முடைய இராட்சதனும் அந்த விளையாட்டில் இருக்கிறான். 1977இல் வெளிவந்த அதன் அரக்கர் கையேட்டில் அவனுக்குப் புலித்தலையும் பின்புறமாகத் திரும்பிய உள்ளங்கைகளும் கொடுக்கப்பட்டன. இராவணனின் தீவில் வாழும் நம்மிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. புராணம் எல்லோருக்கும் பொது. ஆயினும் தன் பெயரைக் காப்பவன் யார், காக்கத் தெரியாதவன் யார் என்பது இவ்விரு சம்பவங்களிலும் துலக்கமாகத் தெரிகிறது.

இலங்கைக் கைகள் இந்தத் தொழிலுக்குப் புதியவையும் அல்ல. மேலைநாட்டு ஆட்டக்காரர்களின் பொம்மைப் படைகளுக்குக் கூலிக்கு வர்ணம் தீட்டிக்கொடுக்கும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இந்நாட்டில் இயங்கிவருகின்றன. ஆட்டக்காரர்கள் அவற்றின் நேர்த்தியைப் பாராட்டுகிறார்கள். பாராட்டு நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. நெப்போலியனின் குதிரைப்படைக்கு ஒவ்வொரு பொத்தானாகப் பொன்வர்ணம் வைத்த பெண்ணின் பெயரை அந்தப் படையின் சொந்தக்காரர் அறியமாட்டார். நல்ல வேலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் கிடைக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அதுவே போதும் என்று சொல்பவர்களோடுதான் என் வழக்கு.

குமாரசுவாமி சொன்னதும் சொல்லாததும்

இந்த இடத்தில் ஒரு கற்றறிந்த நண்பர் என்னை மறித்தார். “கீழைக் கலைஞன் பெயரை நாடுபவன் அல்லன். ஆனந்த குமாரசுவாமியைப் படித்ததில்லையா?” என்று கேட்டார்.

படித்திருக்கிறேன். நம்மவரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்தர், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தபோது மலைநாடெங்கும் திரிந்து, கண்டிக் கைவினைஞர்களோடு பழகி, அவர்களைப் பற்றி ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை எழுதினார். 1908இல் அது வெளிவந்தது. அச்சிட்டவை 425 பிரதிகள் மட்டுமே. அச்சிடப் பயன்பட்ட பொறியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு: ஆங்கிலக் கவிஞரும் கைவினை இயக்கத்தின் தலைவருமான வில்லியம் மொரிசு தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் பயன்படுத்திய அதே பொறி அது.

அந்த மொரிசு தம் இறுதிக் காலத்தில் எழுதிய மாயக்கதைகளே இன்றைய மாயப்புனைவு இலக்கியத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று. டோல்கீன் தம் கடன் அவரிடம் உண்டென்று எழுதியிருக்கிறார். டோல்கீனிடமிருந்து கைகாக்ஸின் விளையாட்டுக்குக் கடன் போயிற்று. ஆக, கண்டித் தச்சனைப் பற்றிய நூலும் மாயக்கதை மேசைகளும் ஒரே மனிதரின் முற்றத்தைத் தொட்டு நிற்கின்றன. பாஸ் செய்த சிம்மாசனம் அந்நியமான ஒன்றுக்குக் கை கொடுக்கவில்லை. நெடுங்காலத்துக்கு முன் பிரிந்துபோன உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மரபுக் கலைஞன் தன் பெயரை முன்னிறுத்தவில்லை என்று குமாரசுவாமி பாராட்டியது உண்மைதான். அதை மேற்கோள் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கண்டி அரசனின் காலத்தில் கைவினைஞனுக்குக் காணி இருந்தது. அரசனுக்கோ ஆலயத்துக்கோ தன் வேலையைச் செலுத்தினான். அதற்கு ஈடாக வயல் அவன் கையில் இருந்தது. ஊருக்குள் அவனை அறியாதவர் இல்லை. பெயரைப் பொருளில் எழுத அவசியமே இல்லாத வாழ்வு அது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராஜகாரியம் என்ற கடமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆலயக் காணிகளில் எஞ்சியதைத் தவிர, அரசனின் பட்டறை போயிற்று, ஆதரவு போயிற்று. அநாமதேயம் மட்டும் அப்படியே எஞ்சியது.

வயலோடு கூடிய பெயரின்மை ஒரு துறவு. வயலில்லாத பெயரின்மை கொள்ளை. இரண்டையும் ஒன்றென்று பேசுவது படிப்பறிவு ஆகாது.

அந்தக் காலத்திலும் எல்லாப் பெயர்களும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எம்பெக்கேயிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல் கருங்கல்லில் எழுந்தது. அதைக் கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி என்று சாசனம் சொல்கிறது, தென்னாட்டுச் சிற்பி. கண்டி நகரத்தின் அடையாளமான எண்கோண மண்டபத்தைச் சொல்லும்போது தேவேந்திர மூலாச்சாரியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். கல்லில் பெயர் பொறித்த காலத்து அரசர்களுக்கு இருந்த பெருந்தன்மை, ஒட்டுத்தாள் காலத்து நமக்கு இல்லாமற் போனது ஏன்?

மூன்று ஆட்சேபங்கள்

நான் இவ்வாறு பேசத் தொடங்கியதிலிருந்து மூன்று ஆட்சேபங்களைக் கேட்டுவருகிறேன்.

முதலாவது: இது சிறுபிள்ளை விளையாட்டு, 2022இன் பஞ்சத்தைக் கண்ட நாட்டுக்கு இதுவா கவலை? ஐயா, வயிற்றுப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். சிறியதெல்லாம் சிறுமை என்று தமிழன் நினைத்ததும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று பருவங்களைச் சிறுபொருள்களுக்கென்றே ஒதுக்கினார்கள். தச்சன் செய்து கொடுத்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழும் காட்சி குறுந்தொகையிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டிலும் தேரைச் செய்தவன் தச்சன் என்பது மறக்கப்படவில்லை.

இரண்டாவது: புனிதச் சின்னங்கள் சூதாட்ட மேசைக்குப் போய்விடும். இது மதிக்கத்தக்க அச்சம். புத்தர் திருவுருவமும் தெய்வத் திருவுருவங்களும் விளையாட்டுப் பொருளாகக் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எம்பெக்கேத் தூணில் மல்லனையும் நடனமாதையும் இருதலைப் பறவையையும் செதுக்கியவன் வழிபாட்டுக்காகச் செதுக்கவில்லை. கண் மகிழச் செதுக்கினான். கதவு, கட்டில், பேழை, தூண், மதில் ஆகியவற்றில் எந்தப் புனிதம் கெடும்? எது ஆகும், எது ஆகாது என்ற எல்லையைக் கைவினைஞர்களே வகுக்கட்டும். தகரத்தில் அடித்த தலதா மாளிகையைச் சாவிக்கொத்தில் தொங்கவிட்டு விற்கும்போது எழாத அச்சம், கைவினைஞனுக்குப் பெயர் கேட்கும்போது மட்டும் எழுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது: முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டது, இனி உளி எதற்கு? இதில் பாதி உண்மை. ஆட்டக்காரர்கள் வீட்டிலேயே இயந்திரம் வைத்துக் கோட்டையை அச்சிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இயந்திரத்துக்குக் கொடுக்க ஒரு மூலவடிவம் வேண்டும். அதை வடித்தவர்கள் அந்தக் கணினிக் கோப்பைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள். பாஸின் சிம்மாசனத்தையும் அவ்வாறு பதிவுசெய்து விற்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய மகனுக்கு அதில் வருமானம் வரலாம். வடிவம் அவருடையது என்பது முதலில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: உல்லாசப் பயணி ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு வாங்கிப் போவார், அதை யாரோ வருடிப் பதிவார்கள், பத்தாயிரம் பிரதிகள் பிறக்கும், கண்டிக்கு ஒரு சதமும் வராது.

நமக்கென்ன?

ஒரு தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களும் உண்டு. லங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்கு முதலில் நினைவூட்டுகிறேன். இந்தக் குன்றுகளில் உளியின் ஓசைக்கு மொழி இருந்ததில்லை.

நம் பக்கத்திலும் இதே வியாதி இருக்கிறது. கோயில் வாகனங்களைச் செய்யும் நம் தச்சர்களை நினைத்துப் பாருங்கள். யாளியும் அன்னமும் மயிலும் அவர்கள் கையில் உயிர்பெறுகின்றன. வாகனத்தின் பக்கத்தில் உபயகாரரின் பெயர், அவருடைய ஊர், இப்போது வசிக்கும் நாடு எல்லாம் பெரிய எழுத்தில் மின்னும். செய்தவர் பெயரைத் தேடுங்கள், பார்ப்போம்.

மலையகத்திலிருந்து இன்னுமொரு காட்சி. மருமகனை ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கி வழியோரம் குவித்திருந்தார்கள். முறுக்கேறிய வேர்கள், நூறு விரல்களை விரித்த கைகளைப் போன்றவை. லயத்துப் பெண்கள் விறகுக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். “மாமா, இது பேய்க்காடு! இப்படி ஒரு மரத்துக்காகத்தான் எங்கள் ஆட்டக்காரர்கள் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்” என்று கத்தினான் அவன். அந்த அம்மாமார் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேருக்கு நாளை ஒரு சந்தை பிறந்தால், அதைப் பொறுக்கிக் கழுவி உலர்த்தப் போகும் கைகளும் இவர்களுடையவைதான். பெட்டியின்மேல் எவருடைய பெயர் இருக்கும்? தேயிலைப் பொட்டலத்தின்மேல் இன்றுவரை எவருடைய பெயர் இருக்கிறதோ, அவருடைய பெயர்தான். நாம் இப்போதே பேசாவிட்டால்.

கேட்பது பெரிதல்ல

நான் மானியம் கேட்கவில்லை, கண்காட்சி கேட்கவில்லை, அமைச்சர் நாடா வெட்டும் விழா கேட்கவே இல்லை. கைப்பணித் துறைக்குப் பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது இரண்டு. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கைப்பணிப் பொருளிலும் செய்தவரின் பெயரோ அடையாளமோ இருக்கவேண்டும் என்று விதி செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் புதிய வடிவங்களைப் பதிவுசெய்ய வழி இருக்கிறது. உடுநுவரையிலும் நத்தரன்பொத்தையிலும் இருக்கும் ஒரு கைவினைஞர் தம் வேலைநாளை இழக்காமல் அதைச் செய்ய உதவுங்கள். கொழும்புக்கு மூன்று முறை அலையவைத்துவிட்டு, அவர்கள் பதிவுசெய்ய முன்வருவதில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள்.

கடைக்காரர்களிடம் கேட்பது ஒன்று. கீறலை அழிக்கச் சொல்லாதீர்கள். பெயருள்ள பொருளுக்கு அதிக விலை கிடைக்கும் என்பதை வணிகரான உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கண்டிக்கு வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன் “இதைச் செய்தவர் யார்?” என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் எரிச்சலடைவார். நூறு பேர் கேட்டால் தெரிந்துவைத்துக்கொள்வார். உங்கள் பிள்ளைகளில் எவரேனும் என் மருமகனைப் போல நிலவறையில் பகடை உருட்டுபவராக இருந்தால், அவரை உடுநுவரைப் பக்கம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

மருமகன் டொரண்டோ திரும்பிய பின்னர் அவனுடைய ஆட்டக்கூட்டத்தினர் ஆறு கதிரைகளும் ஒரு நீள்மேசையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேட்ட விலையைத் தருகிறார்களாம். ஒரே நிபந்தனை, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த இலை இருக்கவேண்டும். நான் போய்ச் சொன்னபோது பாஸ் சற்றுநேரம் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, கதிரையின் அடிப்புறம் அரை விரல் அகலங்கூட இல்லை, இலையை இன்னும் சிறிதாகப் பழகவேண்டும் என்றார். அன்றிரவு கொரியாவுக்குத் தொலைபேசியில் பேசியதாகவும், மகன் சிம்மாசனத்தின் படத்தை அனுப்பச் சொன்னதாகவும் மறுநாள் என்னிடம் கூறினார்.

அவ்வளவுதான் இப்போதைக்கு. யானையைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள்.